விழுந்தது ஒரு தடவை, படுத்தது மூன்று மாதம்: சேலத்து முதியோர் இல்லம் ஒன்றில் விழும் பயம்

சேலத்திலிருந்து ஏற்காடு அடிவாரம் போகும் சாலைப் பக்கம் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் நடந்தது இது. நான் அங்கே பிசியோதெரபிஸ்டாகப் போய்வருகிறேன். சம்பந்தப்பட்ட அம்மாவும் அவருடைய பிள்ளைகளும் இல்ல நிர்வாகமும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இல்லத்தில் எல்லோரும் அவரை "ஆயா" என்றுதான் கூப்பிடுவார்கள், நம் பக்கம் பாட்டியைக் கூப்பிடுவதுபோல. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

பின்னணி

ஆயாவுக்கு வயது 78. அம்மாபேட்டைப் பக்கத்து நெசவுக் குடும்பம். கல்யாணமாகி வந்த புதிதில் தறிக்கு நூல் தார் சுற்றினார். பிறகு குழித்தறியில் உட்கார்ந்து பல வருஷம் வேட்டி நெய்தார். விசைத்தறி வந்தபின் தறியை விட்டுவிட்டார். கணவர் இல்லை. மகன் திருப்பூரில், மகள் ஆத்தூரில். இரண்டு வீட்டிலும் மாறி மாறி இருந்து பார்த்தார், ஒத்துவரவில்லை. அவரே சரி என்று சொல்லி இல்லத்துக்கு வந்தார்.

வந்தபோது ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு முழங்காலிலும் தேய்மானம், வலது கண்ணில் புரை. ஆனாலும் கம்பில்லாமல் நடந்தார். காலையில் காம்பவுண்டு ஓரம் நந்தியாவட்டை பறித்துச் சாமி படத்துக்கு வைப்பார். சாயங்காலம் முன் வராந்தாவில் உட்கார்ந்து மலைக்குப் போகும் பஸ்ஸை வேடிக்கை பார்ப்பார். சாப்பாட்டுக் கூடத்துக்கு யாரும் கூட்டிப் போக வேண்டியதில்லை.

இல்லத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சம்பவத்துக்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் முன்பு அங்கே இருந்த ஒரு அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நடந்தது, சில வாரத்தில் இறந்துவிட்டார். குடும்பத்தார் வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். அன்று இரவு வேலையில் இருந்த அட்டெண்டர் வேலையை விட்டு நின்றார், அல்லது நிறுத்தப்பட்டார். இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். அன்று முதல் அங்கே வேலை செய்கிற ஒவ்வொருவர் மனதிலும் "என் டியூட்டியில் யாரும் விழக்கூடாது" என்பது உட்கார்ந்துவிட்டது. ஆயாவுக்கு நடந்தவற்றில் பாதி அங்கிருந்து வந்தது.

விழுந்த நாள்

நவம்பர் மாதம், மழை விட்டிருந்த ஒரு விடியற்காலை. ஐந்து மணி சுமாருக்கு ஆயா ஒன்றுக்குப் போக எழுந்தார். பாத்ரூம் வாசலில் எல்லோருக்கும் பொதுவாக ரப்பர் செருப்பு ஒரு ஜோடி கிடக்கும். அதில் ஒரு காலை நுழைத்து அடுத்த காலை நுழைக்கும்போது வழுக்கியது. இடது கையை ஊன்றி விழுந்தார். தலையில் அடியில்லை, மயக்கமும் இல்லை. எக்ஸ்ரேயில் இடது மணிக்கட்டு முறிவு தெரிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, "கொஞ்ச நாளைக்குத் தனியா பாத்ரூம் விடாதீங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். நியாயமான அறிவுரை. இல்லத்துக்கு வந்து சேர்வதற்குள் அது வளர்ந்துவிட்டது. முதல் வாரம் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு கூட்டிப் போனார்கள். அடுத்த வாரம் ஆள் பற்றவில்லை, வீல்சேர் வந்தது. பிறகு இரவுக்கு டயாபர். அதன் பிறகு கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு. சாப்பாடு அறைக்கே வந்தது. மகன் பார்க்க வந்தபோது அம்மா பத்திரமாக இருக்கிறார் என்று திருப்தியோடு போனார்.

முறிந்தது கை. நிறுத்தப்பட்டது கால். மாவுக்கட்டு பிரித்த பிறகும் வீல்சேரை யாரும் எடுக்கவில்லை. ஆயாவும் கேட்கவில்லை. எழுந்து நிற்கச் சொன்னால், "வேணாம் கண்ணு, நான் விழுந்துருவேன்" என்று கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொள்வார். என்னிடம் அவரைப் பார்க்கச் சொல்லிக் கேட்டது பிப்ரவரியில், அதுவும் விரல்கள் மடங்கவில்லை என்பதற்காக. நடை பற்றிக் கேட்கவில்லை. நடக்காதவராகவே அவர் கணக்கில் எழுதப்பட்டிருந்தார்.

பார்த்ததும் அளந்ததும்

கட்டிலில் உட்காரவைத்தபோதே ஒன்று கண்ணில் பட்டது. ஆஸ்பத்திரி மாடல் இரும்புக் கட்டில், மேலே தடித்த மெத்தை. ஆயா குள்ளமானவர். உட்கார்ந்தால் பாதம் தரையைத் தொடவில்லை, காற்றில் தொங்கியது. அங்கிருந்து இறங்கச் சொன்னால் யாருக்குமே பயம் வரும்.

நிற்க வைக்க இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். ஆயாவின் உடம்பு விறைத்தது. பாதம் முன்னே சறுக்கியது, உடம்பு பின்னால் சாய்ந்தது. பார்வை தன் பெருவிரலை விட்டு நகரவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். நான்கு அடி எடுத்து வைப்பதற்குள் அட்டெண்டரின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். இந்த நடையை முதியோருடன் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். விழுந்த பிறகு இப்படிப் பின்சாய்ந்து, எதையாவது பிடித்துக்கொண்டே இருப்பதை 1982லேயே மருத்துவர்கள் ஒரு தனி நிலையாக எழுதியிருக்கிறார்கள். விறைத்து நடக்கிற உடம்பு தடுமாறினால் சமாளித்து அடுத்த அடி வைக்காது. பயந்து நடக்கும் நடையே விழ வைக்கிறது.

கால் பலம்: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஒரு முறைகூட எழ முடியவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் சோதனையை முடிக்கவே முடியவில்லை. வயதானவர்களுக்குப் பத்து நாள் படுக்கையே தொடைத் தசையைக் கரைக்கப் போதும். இவர் படுத்தது மூன்று மாதம்.

ரத்த அழுத்தத்தைப் படுத்த நிலையில் ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது 148/82. பிடித்து நிற்கவைத்து ஒரு நிமிடத்தில் 122/74. எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் கவனிக்க வேண்டும் என்பது விதி. இவருக்கு மேல் அளவு 26 இறங்கியது. "நின்னா கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்று அவர் பல வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். எல்லோரும் அதைப் பயம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

மாத்திரைப் பெட்டியைப் பார்த்தோம். ரத்தக் கொதிப்புக்கு இரண்டு, அதில் ஒன்று நீர் பிரியும் மாத்திரை. மாத்திரை வண்டி சாயங்காலம் வருவதால் அதையும் சாயங்காலமே கொடுத்துவந்தார்கள். இரவு முழுக்க ஒன்றுக்கு வராமல் என்ன செய்யும்? அது போக, விழுந்த பிறகு "தூக்கமே வரல" என்று சொன்னதற்கு அல்பிரசோலம் ஆரம்பித்திருந்தார்கள். விழுந்த முதியவருக்குத் தூக்க மாத்திரை கொடுப்பது நம் ஊரில் சர்வ சாதாரணம். அடுத்த தடவை விழுவதற்கு அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

பயத்தை அளக்க ஏழு கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. உடை மாற்ற, குளிக்க, நாற்காலியிலிருந்து எழ, படி ஏறி இறங்க, மேலே இருப்பதையோ தரையில் இருப்பதையோ எடுக்க, சரிவில் நடக்க, வெளியே ஒரு விசேஷத்துக்குப் போக எவ்வளவு கவலை என்று கேட்பது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை, மொத்தம் 7 முதல் 28. 14 வந்தாலே அதிகம். ஆயாவுக்கு 26. குறைந்த மதிப்பெண் உடை மாற்றுவதற்கு மட்டும்தான், அதையும் அவர் படுத்தபடியே செய்துகொண்டிருந்தார்.

எண்ணை விட அவர் பேச்சில்தான் விஷயம் கிடைத்தது. விழுந்தால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள் என்று கேட்டேன். வலியைச் சொல்லவில்லை, சாவையும் சொல்லவில்லை. "கீழ கெடந்தா யாரு தூக்குவா? நாலு பேரு வந்து துணி வெலகி கெடக்கறத பாப்பாங்க" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்தப் பொண்ணுக்கு வேல போயிரும்" என்றார். அவர் சொன்னது இரவு அட்டெண்டரை. இரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை ஆயாவுக்கும் தெரிந்திருந்தது.

அறைத் தோழி

பக்கத்துக் கட்டில்காரருக்கு 71 வயது. இதுவரை ஒரு தடவைகூட விழுந்ததில்லை. ஆயா விழுந்த சத்தத்தைக் கேட்டவர். ஒரு மாதத்துக்குள் அவரும் சாயங்கால நடையை நிறுத்திவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே பாத்ரூம் போனார். பிறகு தனக்கும் இரவில் டயாபர் வேண்டுமென்று தானாகவே கேட்டார். அவருடைய கால் பலத்தைச் சோதித்தால் வயதுக்கு நன்றாகவே இருந்தது.

பயமும் ஆபத்தும் எப்போதும் சேர்ந்து போவதில்லை. 70 முதல் 90 வயது வரையிலான 500 பேரை வைத்துச் சிட்னியில் செய்து 2010ல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமானவர்களுக்கு இவை இரண்டும் பொருந்தவில்லை. உடம்பு நன்றாக இருந்தும் பயந்தவர்கள் உண்டு, உடம்பு தளர்ந்தும் பயமே இல்லாதவர்கள் அதைவிட அதிகம். ஆயாவுக்குப் பயமும் இருந்தது, அதற்கு உடம்பில் காரணமும் இருந்தது. தோழிக்கு இருந்தது பயம் மட்டும். இரண்டு பேருக்கும் ஒரே வைத்தியம் என்று ஆரம்பித்திருந்தால் இரண்டுமே கெட்டிருக்கும்.

இல்லத்தின் பக்கம்

ஒரு விடியற்காலை போய்ப் பார்த்ததில் இன்னொன்று தெரிந்தது. ஏழு மணிக்குக் காப்பி கொடுப்பதற்குள் வேலை முடிய வேண்டும் என்பதற்காக ஐந்து மணிக்கே வராந்தாவையும் பாத்ரூம் வாசலையும் ஈரத் துணியால் துடைக்கிறார்கள். முதியவர்கள் எழுந்து பாத்ரூம் போகும் நேரமும் அதுவே. பாத்ரூமில் வெள்ளை டைல்ஸ், வெள்ளை கமோட். புரை விழுந்த கண்ணுக்கு உட்காரும் இடம் எது, சுவர் எது என்று தெரியாது. கைப்பிடிக் கம்பி இருந்தது, ஆனால் நிற்பவரின் தோள் உயரத்தில். எழுந்திருப்பவருக்கு அது உதவாது. இரவில் எல்லா அம்மாக்களுக்கும் நைட்டிதான் உடை. ஆயாவின் நைட்டி பாதத்தை மூடித் தரையில் புரண்டது.

அட்டெண்டர்கள் அக்கறையில்லாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அக்கறை அதிகமாகிப்போனதுதான் இங்கே சிக்கல். யாராவது எழுந்தால் கூடத்தின் கோடியிலிருந்து, "ஆயா! பாத்து! பாத்து! உக்காருங்க!" என்று குரல் வரும். நடந்துகொண்டிருப்பவர் குரல் வந்த திசைக்குத் திரும்புவார். தளர்ந்த காலுக்குச் சட்டென்று திரும்புவதுதான் மிகக் கஷ்டமான அசைவு.

பதிவேடு ஒன்று இருந்தது. யார், எப்போது, எங்கே விழுந்தார் என்று அதில் எழுத வேண்டும், எழுதியவர் விளக்கம் சொல்ல வேண்டும். நடந்துகொண்டிருந்த ஒருவர் நடப்பதை நிறுத்தினால் எழுத எந்த நோட்டிலும் இடமில்லை. யாரும் அதற்கு விளக்கம் கேட்கவும் மாட்டார்கள். அப்படியிருக்க அட்டெண்டர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, இலக்கை ஆயாவிடமே கேட்பது. நான் வராந்தா, பூ, பஸ் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு, டயாபரைப் பற்றி. "அந்தத் துணிய எனக்குக் கட்டிவிட வேணாம். பகல்ல நானே போய்ட்டு வரணும்." ஆகவே பகலில் பாத்ரூம் தனியாகப் போய்வருவதே இலக்கு. கட்டிலிலிருந்து அங்கே ஒன்பது பத்து அடிதான். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் உபரி.

இரண்டாவது, உடற்பயிற்சிக்கு முன் மருந்து. இல்லத்துக்கு வரும் மருத்துவர் நீர் மாத்திரையைக் காலைக்கு மாற்றினார், பிறகு அளவைக் குறைத்தார். அல்பிரசோலத்தை ஒரேயடியாக நிறுத்தாமல் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்தார். திடீரென நிறுத்தினால் தூக்கம் முற்றிலும் கெட்டு, படபடப்பு கூடும். அது ஏற்கனவே பயந்திருப்பவருக்கு ஆகாது. எழும்போது கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து கணுக்காலைப் பத்துப் பதினைந்து முறை ஆட்டிவிட்டு எழப் பழக்கினோம்.

மூன்றாவது, கட்டில். கம்பித் தடுப்பை எடுத்தோம். இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். தடுப்பு விழாமல் காக்கும் என்று தோன்றும். ஆனால் அவசரத்துக்கு அதன் மேல் ஏறி இறங்கப் பார்க்கும் முதியவர் இன்னும் உயரத்திலிருந்து விழுவார். இரும்புக் கட்டிலுக்குப் பதில் ஸ்டோரில் கிடந்த பழைய மரக்கட்டில் வந்தது. உட்கார்ந்தால் முழங்கால் நேர்கோணத்தில் மடங்கி, பாதம் தட்டையாகத் தரையில் பதிந்தது. செலவே இல்லாத மாற்றம் இது, பலனும் அன்றைக்கே தெரிந்தது. எழுவதற்கு இரண்டு பேர் வேண்டியிருந்த இடத்தில் ஒருவர் போதுமானதாயிற்று.

நைட்டியின் ஓரத்தைக் கணுக்காலுக்கு மேலே மடித்துத் தைத்தார்கள். பின்பக்கம் பட்டை உள்ள செருப்பு ஒன்றை மகள் வாங்கி வந்தார். பாத்ரூம் கைப்பிடிக் கம்பியைக் கழற்றி, உட்கார்ந்தவரின் கைக்கு எட்டும்படி கீழே பொருத்தினார்கள். கமோட் சுவரில் நீலப் பெயிண்டில் அகலமாக ஒரு பட்டை அடித்தார்கள். துடைக்கும் வேலை காப்பிக்குப் பிறகு என்று மாறியது. இதற்குச் சமையலறையோடு ஒரு சின்ன சண்டை நடந்தது, அதை விவரிக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளோடு பேசியது

மகன் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "நல்லா பாத்துக்கறாங்கன்னுதானே இங்க விட்டிருக்கேன். நடக்கவிட்டு மறுபடி விழுந்தா யாரு பொறுப்பு?" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். மறுபடி விழவே மாட்டார் என்று சொல்லி ஒப்புதல் வாங்குவது எளிது. அப்படிச் சொல்லவில்லை. நடந்தால் விழ வாய்ப்பு உண்டு என்றும், நடக்காமல் இருந்தாலும் கட்டிலிலிருந்து, வீல்சேரிலிருந்து, டயாபர் மாற்றும்போது விழ வாய்ப்பு உண்டு என்றும், கூடவே படுக்கைப் புண், சளி, மலச்சிக்கல், தசை இளைப்பு எல்லாம் வரிசையாக வரும் என்றும் சொன்னோம். இல்லங்களில் வசிப்பவர்களிடம் உடற்பயிற்சி மட்டும் விழுவதைத் தடுக்கும் என்பதற்குச் சான்று அவ்வளவு வலுவாக இல்லை, சொந்த வீட்டில் வசிக்கும் முதியோரிடம்தான் அது வலுவாக இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை.

மகள் அதுவரை பேசாமல் இருந்தார். அவர் அம்மாவைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்ற?" என்றார். ஆயா, "பாத்ரூம் நானே போவணும்" என்றார். மகன் தலையைக் குனிந்துகொண்டார். என்ன செய்யப் போகிறோம், என்ன ஆபத்து, யார் சம்மதித்தார்கள் என்று ஒரு தாளில் தமிழில் எழுதி ஆயா, பிள்ளைகள், நிர்வாகி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தத் தாளின் நகல் அட்டெண்டர்கள் அறையில் ஒட்டப்பட்டது. எனக்குத் தெரிந்து இந்த முயற்சியில் மிகவும் பயன்பட்ட காகிதம் அதுதான். ஆயா விழுந்தால் அது தன் தலையில் விழாது என்று தெரிந்த பிறகே இரவு அட்டெண்டர் அவரை நிற்கவிட்டார்.

பயிற்சியும் தரையும்

முதல் இரண்டு வாரம் நடை கிடையாது. கட்டிலின் விளிம்பில் உட்கார்வது, முன்னே கனமான மேசையை வைத்து அதைப் பிடித்து எழுவது, நின்று எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவது. கக்கத்தில் கை கொடுத்துத் தூக்குவதை நிறுத்தினோம். இடுப்பில் அகலமான துணிப் பெல்ட், அட்டெண்டர் அதை லேசாகப் பிடித்திருப்பார், பேச மாட்டார். மூன்றாம் வாரம் வாக்கர். மணிக்கட்டு முழுதாகத் தேறாததால் இடது கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினோம்.

ஐந்தாம் வாரம் வேலை அப்படியே நின்றது. உடம்பு தேறியது, ஆனால் அறை வாசலைத் தாண்ட மறுத்தார். "கீழ கெடந்தா யாரு தூக்குவா" என்பது அங்கேயே நின்றுகொண்டிருந்தது. எனவே தரையிலிருந்து எழுவதையே பழக்கிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

பாடப்புத்தக முறைப்படி ஒருக்களித்து, முட்டிபோட்டு, நாற்காலியைப் பிடித்து எழ வேண்டும். தேய்ந்த முழங்காலோடு அது நடக்கவில்லை. மடித்த ஜமுக்காளத்தின் மேல்கூட முட்டி தாங்கவில்லை. ஆயா கொஞ்ச நேரம் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து யோசித்தார். பிறகு இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, பிட்டத்தால் நகர்ந்து நகர்ந்து சுவரோரம் இருந்த மணைப்பலகைக்குப் போனார். கையை அதன் மேல் வைத்து ஓர் உந்து, பலகை மேல் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் குட்டை ஸ்டூலை நகர்த்தினோம். இன்னொரு உந்து. அடுத்து கட்டில். மூச்சு வாங்க, "தறிக் குழியில இருந்து இப்படித்தான ஏறுவோம்" என்றார். காலைக் குழியில் தொங்கவிட்டு நெய்தவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கையை ஊன்றி மேடேறியிருப்பார் என்று எனக்கு அதற்கு முன் தோன்றியதே இல்லை.

இதில் பொதுவாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. நம் வீடுகளில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, காய் நறுக்கி, பாய் விரித்துப் படுத்து வாழ்ந்தவர்கள் இல்லத்துக்கு வந்ததும் கட்டில், நாற்காலி, கமோட் என்று எல்லாமே உயரத்துக்குப் போய்விடுகிறது. முழங்காலுக்கு நல்லதுதான். ஆனால் சில மாதத்தில் தரை அந்நியமாகிவிடுகிறது, போனால் திரும்ப முடியாத இடமாகிவிடுகிறது. பலகை, ஸ்டூல், கட்டில் என்ற வழியை ஆயா தினமும் ஒரு தடவை பழகினார். அந்த வாரமே வாசலைத் தாண்டினார்.

அறைத் தோழிக்கு இவ்வளவு தேவைப்படவில்லை. ஆயாவுக்குத் துணையாக நிற்கச் சொன்னோம். துணைக்கு வந்தவர் நாற்காலி தள்ளுவதை மறந்துபோனார்.

இரண்டாவது தடவை

மே மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் ஆயா பாத்ரூமில் கதவைச் சாத்தத் திரும்பியபோது தடுமாறி, சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். உள்தாழ்ப்பாளை முன்பே எடுத்திருந்தோம், வெளியே துண்டு தொங்கினால் ஆள் இருக்கிறது என்று ஏற்பாடு. தண்ணீர் மொள்ளும் மக்கால் வாளியைத் தட்டினார்.

வந்த அட்டெண்டர் உடனே தூக்கவில்லை. இது எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த விதி. தலையில் அடிபட்டதா, தொடையிடுக்கில் வலிக்கிறதா, ஒரு கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ கிடக்கிறதா, பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால் வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எதுவும் இல்லையென்று பார்த்த பிறகு பலகையையும் ஸ்டூலையும் கொண்டுவந்து வைத்தார். ஆயா தானே ஏறினார். நைட்டியைச் சரிசெய்துகொள்ள அவருக்கு நேரமும் இருந்தது.

மகனுக்கு அன்றே போன் செய்தார்கள். சத்தம் போடுவார் என்று நிர்வாகி எதிர்பார்த்தார். சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அம்மாகிட்ட குடுங்க" என்றார். ஆயா, "ஒண்ணும் இல்ல சாமி, உக்காந்துட்டேன், அப்பறம் ஏறிட்டேன்" என்று சொன்னார். மறுநாள் காலை சாப்பாட்டுக் கூடத்துக்கு வாக்கரோடு வந்தார்.

விளைவு

நான்கு மாத முடிவில் நடைச் சோதனையை வாக்கரோடு 24 வினாடியில் முடித்தார். 12 வினாடியோ அதற்கு மேலோ என்றாலே விழும் ஆபத்து உண்டு என்று கொள்வது வழக்கம். ஆகவே அவர் இன்னமும் ஆபத்தில் இருப்பவர்தான். பய மதிப்பெண் 26லிருந்து 17. இதுவும் அதிகம்தான். படுத்து எழும்போது ரத்த அழுத்தத்தின் மேல் அளவில் இறக்கம் இப்போது 20க்கும் குறைவுதான். பகலில் பாத்ரூமுக்குத் தனியாகப் போகிறார். இரவில் மணி அடித்து ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறார். டயாபர் இல்லை. வீல்சேர் ஆஸ்பத்திரிக்குப் போக மட்டும். பூப்பறிக்கப் போவதில்லை, அங்கே தரை மேடுபள்ளம் என்கிறார்.

ஆடிப்பெருக்குக்கு மேட்டூர் கூட்டிப்போக மகன் கார் கொண்டுவந்தார். ஆயா மாட்டேன் என்றுவிட்டார். "ஈரப்படி, கூட்டம், எவனாச்சும் இடிப்பான்." மகன் என்னைப் பார்த்தார், பயம் இன்னும் போகவில்லையே என்பதுபோல. அவர் சொன்ன மூன்றும் உண்மை. இந்தக் காலோடு அங்கே போவது எனக்கே சம்மதமில்லை. அன்றைக்கு மகனும் அவரும் வராந்தாவில் உட்கார்ந்து கட்டிவந்த சித்திரான்னத்தைச் சாப்பிட்டார்கள்.

கண் அறுவை சிகிச்சை இன்னும் நடக்கவில்லை. சர்க்கரை பார்க்க வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும் என்று தள்ளிப்போகிறது. நடையில் இனி வரக்கூடிய முன்னேற்றம் பெரும்பாலும் அதைச் சார்ந்தது.

இல்லத்தில் மாறியவை, மாறாதவை

யார் விழுந்தாலும், எலும்பு முறிந்தாலும் முறியாவிட்டாலும், ஒரு வாரத்துக்குள் நிற்கவைத்து ரத்த அழுத்தம் பார்ப்பது, மாத்திரைப் பட்டியலை மருத்துவர் பார்ப்பது, நடையைப் பிசியோதெரபிஸ்ட் பார்ப்பது என்று வைத்திருக்கிறார்கள். வீல்சேர் கொடுத்தால் எந்தத் தேதியில் திரும்ப எடுப்பது என்பதையும் அன்றே எழுத வேண்டும். அதே அறையில் இருப்பவரிடமும் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும்.

தினசரி அட்டையில் பிரஷர், சுகர் பத்திகளுக்குப் பக்கத்தில் "நடை" என்று ஒரு பத்தி சேர்ந்திருக்கிறது. நேற்று சாப்பாட்டுக் கூடம் வரை நடந்தவர் இன்று நடக்கவில்லை என்றால் அதற்கும் காரணம் எழுத வேண்டும். ஆரம்பத்தில் எல்லா நாளும் "முட்டி வலி" என்றே எழுதினார்கள். இப்போது பரவாயில்லை.

இரவில் ஆள் இன்னும் இரண்டு பேர்தான். மாடியில் இருக்கும் ஆண்கள் பக்கத்துக்கு இந்த மாற்றங்கள் எதுவும் போகவில்லை. அங்கே நான்கு கட்டில்களில் கம்பித் தடுப்பு அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசிக் கையெழுத்து வாங்காமல் அவற்றை எடுக்க முடியாது என்கிறார் நிர்வாகி. இரண்டு குடும்பங்களோடு பேச்சு நடக்கிறது.